பிக்கட்டி டச்சு மொழிக்குப் போனால் என்ன ஆகும்?
ஊர்ப் பெயர், நாட்டுப் பெயர் மொழிபெயர்ப்பு: ஒரு பாடம்

வாசகர்களே, முதலில் ஒரு சின்ன வேலை. உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து 'பிறந்த இடம்' என்ற வரியைப் பாருங்கள. அடுத்து பிறப்புச் சான்றிதழை எடுத்து அதே வரியைப் பாருங்கள். பிறகு பள்ளி மாற்றுச் சான்றிதழ். மூன்றிலும் ஊர்ப் பெயர் ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா?

இருந்தால் நல்லது. இல்லையென்றால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

நீலகிரி மாவட்டம், மஞ்சூர் பக்கம் உள்ள பேரூராட்சி பிக்கட்டி. தமிழில் எழுத எந்தக் குழப்பமும் இல்லை. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால்தான் கேள்விகள் வரும். முதலெழுத்து பம்பாயில் வரும் 'பி'யா, பாரிஸில் வரும் 'பி'யா? நடுவில் 'கே' ஒன்றா, இரண்டா? அதற்கு அடுத்து 'ஏ' வருமா, 'இ' வருமா? கடைசியில் 'ஐ' போடுவதா, 'ஒய்' போடுவதா? அரசு ஆவணங்களில் பெரும்பாலும் பம்பாய் 'பி'தான் வரும். ஆனால் பள்ளியில் சேர்த்த அன்று யாரோ காதில் விழுந்தபடி எழுதியது வேறு மாதிரி இருக்கலாம்.

ஊருக்குள்ளே இருக்கும் வரை இது பெரிய விஷயமே இல்லை. கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும், தபால்காரருக்கும் தெரியும். தாளைப் பார்ப்பவருக்கு உங்கள் ஊரே தெரியாது என்னும்போதுதான் ஒவ்வொரு எழுத்தும் கணக்கில் வருகிறது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். நீங்கள் பிக்கட்டிக்காரர். நெதர்லாந்தில் உள்ள வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் அந்தந்த ஊர் நகராட்சியில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் உள்ள ஊர்ப் பெயர் அவர்களுடைய பதிவேட்டில் ஏறும். பின்னாளில் திருமணம், குழந்தை பிறப்பு என்று எது வந்தாலும் அந்தப் பதிவைத்தான் பார்ப்பார்கள். அதனால் அங்கே ஏறும் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

சரி, 'பிறந்த இடம்: பிக்கட்டி, நீலகிரி மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா' என்ற ஒரே ஒரு வரியை டச்சு மொழிக்குக் கொண்டுபோவது எப்படி? இதில் எதை மொழிபெயர்க்கணும், எதைத் தொடக்கூடாது? இதுதான் இன்றைய பாடம்.

நாட்டுக்கு ஒரு வழக்கம், ஊருக்கு ஒரு வழக்கம்

உலகத்தில் எல்லா மொழிகளும் பிற நாடுகளுக்குத் தங்கள் வாய்க்கு வந்த பெயரை வைத்திருக்கின்றன. நாமும் அப்படித்தான். இன்றைய மலேசியாவின் கெடாவைச் சோழர் கால மெய்க்கீர்த்தி 'கடாரம்' என்கிறது. இலங்கைத் தலைநகரை ஆங்கிலத்தில் 'கொலம்போ' என்பார்கள், நாம் 'கொழும்பு' என்கிறோம். நெதர்லாந்துக்காரர்களைப் பழைய தமிழ் நூல்கள் 'ஒல்லாந்தர்' என்று எழுதின. 'ஹாலந்து' என்ற பெயரிலிருந்து வந்த சொல் அது. ஆனால் ஹாலந்து என்பது அந்த நாட்டின் ஒரு பகுதிக்கான பெயர் மட்டுமே. 2020 முதல் அந்நாட்டு அரசும் தன் விளம்பரங்களில் 'ஹாலந்து' என்பதை விட்டுவிட்டு 'நெதர்லாந்து' என்றே சொல்கிறது. அந்தப் பெயருக்குத் தாழ்ந்த நிலம் என்று பொருள். நாட்டில் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மலைமேல் இருக்கும் நமக்கு நேர் எதிர்!

டச்சுக்காரர்கள் நாடுகளுக்குப் பெயர் வைத்திருப்பதில் மூன்று வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழி, பொருளை மொழிபெயர்ப்பது. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டை அவர்கள் 'இவோர்குஸ்ட்' என்பார்கள். இவோர் என்றால் தந்தம், குஸ்ட் என்றால் கடற்கரை. தன் பெயரை யாரும் மொழிபெயர்க்கக் கூடாது, 'கோத் திவ்வார்' என்ற பிரெஞ்சுப் பெயரையே எல்லாரும் பயன்படுத்த வேண்டும் என்று அந்த நாடு 1980-களிலேயே கேட்டுக்கொண்டது. ஆனாலும் டச்சுப் பேச்சில் பழைய பெயர் நிற்கிறது.

இரண்டாவது, பழைய வழக்கத்தை அப்படியே தொடர்வது. ஜெர்மனி அவர்களுக்கு 'டாய்ட்ஸ்லான்ட்'. பிரான்ஸ் 'ஃபிராங்க்ரைக்'. ஆஸ்திரியா 'ஓஸ்டன்ரைக்'. நியூசிலாந்தின் கதை இன்னும் சுவாரசியம். நெதர்லாந்தில் ஸேலான்ட் என்று ஒரு மாகாணம் இருக்கிறது, 'கடல் நிலம்' என்று பொருள். 1642-இல் ஏபல் டாஸ்மன் என்ற டச்சு மாலுமி அந்தத் தீவுகளைக் கண்டார். பிறகு டச்சு வரைபடக்காரர்கள் அதற்குப் 'புதிய ஸேலான்ட்' என்று பெயர் வைத்தார்கள். அதுதான் ஆங்கிலம் வழியாக நம்மிடம் நியூசிலாந்து ஆனது.

மூன்றாவது, ஒலியை அப்படியே வாங்கிக்கொள்வது. நம் நாட்டுக்கு இதுதான். இந்தியா டச்சிலும் 'இந்தியா'தான், எழுத்துகூட மாறாது.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. நாட்டின் பெயர் மாறாது, ஆனால் 'இந்திய' என்ற அடைமொழியில் கவனம் வேண்டும். டச்சில் ஒன்றுபோல ஒலிக்கும் மூன்று சொற்கள் இருக்கின்றன. 'இந்தியாஸ்' என்பது இந்தியாவைச் சேர்ந்தது. 'இந்திஸ்' என்பது நெதர்லாந்தில் பெரும்பாலும் பழைய டச்சுக் குடியேற்ற நாட்டை, அதாவது இன்றைய இந்தோனேசியாவை நினைவுபடுத்தும் சொல். 'இந்தியான்' என்றால் அமெரிக்கப் பழங்குடி. குடியுரிமை என்ற இடத்தில் 'இந்தியன்' என்பதைப் பார்த்து யாரோ அவசரத்தில் 'இந்தியான்' என்று போட்டால், நீலகிரிக்காரர் அமெரிக்கப் பழங்குடி ஆகிவிடுவார். கைபேசிச் செயலியில் போட்டு வந்ததை அப்படியே ஒட்டாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஊர்களுக்கும் பழைய டச்சுப் பெயர்கள் சில உண்டு. பாரிஸ் அவர்களுக்கு 'பரைஸ்', லண்டன் 'லோன்டன்'. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் பகுதியில் 'மோன்ஸ்' என்று ஒரு நகரம் உண்டு. மலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். டச்சுக்காரர்கள் அதை மொழிபெயர்த்து 'பெர்கன்' என்கிறார்கள், அதுவும் மலைகள்தான். டச்சு பேசும் பகுதியில் சாலைப் பலகையில் 'பெர்கன்' என்று பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுபவர், எல்லை தாண்டியதும் 'மோன்ஸ்' என்ற பலகையைப் பார்ப்பார். இரண்டும் ஒரே ஊர் என்று தெரியாதவர் வழி தவறிப் போவார்.

இப்படி வேறு மொழியில் தனிப் பெயர் இருப்பது அரசர்கள், வணிகர்கள், போர்கள் வழியாக நெடுங்காலம் புழங்கிய பெரிய நகரங்களுக்கு மட்டும்தான். நம் சின்ன ஊர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே விதி எளிது. டச்சில் நிலைத்த பெயர் இருந்தால் அதைப் போடலாம். இல்லாத ஊரின் பெயரை ஆவணத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளர் புதிதாகப் பெயர் சூட்டக்கூடாது.

டச்சுக்காரர் நம் ஊர்களுக்குப் பெயர் வைத்த காலம்

புதிதாகப் பெயர் சூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் சோழமண்டலக் கடற்கரைக்கு வந்தது. பழவேற்காட்டில் கோட்டை கட்டி, தங்கள் நாட்டு கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக 'கெல்ட்ரியா' என்று பெயர் வைத்தார்கள். 1658-இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அவர்களுடைய ஏடுகளில் பழவேற்காடு 'பலியகட்டா' ஆனது, நாகப்பட்டினம் 'நெகபட்னம்' ஆனது. சோழமண்டலமே 'கோரமண்டல்' என்று உலக வரைபடத்தில் ஏறிவிட்டது. காதில் விழுந்ததைத் தங்கள் எழுத்தில் எழுதியதால் வந்த மாற்றங்கள் இவை. அந்தக் காலத்து டச்சு ஆவணங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் புரட்டும் ஆய்வாளர் ஒவ்வொரு பெயரையும் 'இது இன்றைய எந்த ஊர்?' என்று கண்டுபிடித்துத்தான் அடுத்த வரிக்குப் போக முடியும்.

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சுற்றியுள்ள தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களையே வைத்தார்கள். காரைநகர் 'ஆம்ஸ்டர்டாம்' ஆனது. வேலணை 'லைடன்', நயினாதீவு 'ஹார்லெம்', நெடுந்தீவு 'டெல்ஃப்ட்'. ஒலியும் இல்லை, பொருளும் இல்லை, முழுக்கப் புதுப் பெயர்.

முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று காரைநகரை யாரும் ஆம்ஸ்டர்டாம் என்று கூப்பிடுவதில்லை. நயினாதீவுக்குப் படகு ஏறுபவர் ஹார்லெம் என்று கேட்பதில்லை. 'டெல்ஃப்ட்' மட்டும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. ஆனால் அங்கே வாழ்பவர்களுக்கு அது நெடுந்தீவுதான். ஊர்க்காரர் வாயில் புழங்காத பெயர் காகிதத்தோடு நின்றுபோகிறது.

நீலகிரிப் பெயர்களை டச்சுக்காரர் படித்தால்

இப்போ நம்ம மலைக்கு வருவோம். உதகைக்கு மட்டும் எத்தனை பெயர்! ஆங்கிலேயர் முதலில் 'வோட்டோகிமண்ட்' என்ற மாதிரி எழுதி, பிறகு 'ஊட்டகமண்ட்' என்று ஆக்கி, கடைசியில் சுருக்கி 'ஊட்டி' என்றார்கள். அதில் வரும் 'மண்ட்' தோடர் குடியிருப்பைக் குறிக்கும் 'மந்து'. இன்று அரசு ஆவணத்தில் 'உதகமண்டலம்'. அப்பாவின் பழைய சான்றிதழில் ஊட்டகமண்ட், பிள்ளையின் சான்றிதழில் உதகமண்டலம், முகவரியில் ஊட்டி என்று ஒரே வீட்டில் மூன்றையும் பார்க்கலாம்.

இந்தப் பெயர்களை டச்சுக்காரர் ஒருவர் அவர் மொழி முறையில் வாசித்தால் வேடிக்கையாக இருக்கும். ஆங்கிலத்தில் இரட்டை 'ஓ' எழுத்துக்கு 'ஊ' ஒலி, டச்சில் அதற்கு நெடில் 'ஓ' ஒலி. ஆகவே ஊட்டி அவருக்கு 'ஓட்டி', குன்னூர் 'கோனோர்'. 'ஜே' எழுத்துக்கு டச்சில் 'ய' ஒலி என்பதால் மஞ்சூர் 'மன்யோர்' ஆகிவிடும். 'ஜி' எழுத்து தொண்டையிலிருந்து வரும் ஒரு 'ஹ' ஒலி, அதனால் கோத்தகிரியின் கடைசிப் பகுதி 'ஹிரி' என்று கேட்கும்.

அப்படியானால் டச்சுக்காரருக்குச் சரியாக ஒலிக்கும்படி எழுத்தை மாற்றிவிடலாமே என்று தோன்றும். டச்சில் 'உ' ஒலிக்கு 'ஓ', 'இ' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். இந்தோனேசியாவில் அப்படித்தான் எழுதிவைத்தார்கள். சுரபாயா, பாண்டுங் எல்லாம் அந்த எழுத்தில்தான் இருந்தன. 1947-இல் இந்தோனேசியர்கள் அந்த இரண்டெழுத்தை விட்டுவிட்டு ஒற்றை 'யு' எழுத்துக்கு மாறினார்கள். பலன், ஒரே ஊருக்குப் பழைய ஆவணத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், புதிய ஆவணத்தில் வேறு.

குன்னூரை டச்சு முறையில் மாற்றி எழுதினால் அவர் சரியாக உச்சரிப்பார், உண்மைதான். ஆனால் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள ஊரும் மொழிபெயர்ப்பில் உள்ள ஊரும் வேறு வேறாகத் தெரியும். ஆவணத்தில் உச்சரிப்பைவிட அடையாளம் முக்கியம். அவர் 'ஓட்டி' என்று வாசித்தால் வாசித்துவிட்டுப் போகட்டும், எழுத்து பொருந்தினால் போதும்.

எழுத்துக்கூட்டலை மாற்றுவது லேசான காரியமா?

நம் மாநிலத்திலேயே இதற்கு அண்மைக்கால உதாரணம் உண்டு. 2020 ஜூன் மாதம், 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியானது. தூத்துக்குடி, கோயம்புத்தூர், எழும்பூர் போன்றவை அதில் இருந்தன. நோக்கம் நல்ல நோக்கம், தமிழில் சொல்கிறபடியே ஆங்கிலத்திலும் எழுதணும் என்பது. ஆனால் எந்த ஒலிக்கு எந்த ஆங்கில எழுத்து என்பதில் பல கருத்துகள் எழுந்தன. வேலூரின் எழுத்துக்கூட்டலைப் பார்த்தவர்கள் அது 'வீலூர்' என்று படிக்கும்படி இருப்பதாகச் சொன்னார்கள். சில நாட்களிலேயே அந்த அரசாணை திரும்பப் பெறப்பட்டது.

தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கு நிற்கும். 'க', 'ட', 'த'வும் அப்படியே. ஆங்கில எழுத்துக்குப் போகும்போது ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். அந்தத் தேர்வை ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்தால் பிக்கட்டிக்குப் பத்து எழுத்துக்கூட்டல் வந்துவிடும். அதனால்தான் அரசு ஏற்ற எழுத்துக்கூட்டல் ஒன்று தேவைப்படுகிறது.

வாங்க, அந்த ஒரு வரியை மொழிபெயர்ப்போம்

'பிறந்த இடம்' என்ற தலைப்பு டச்சில் வரும். அது சாதாரணச் சொல், மொழிபெயர்க்க வேண்டியதுதான்.

'பிக்கட்டி' அப்படியே வரும். பாஸ்போர்ட்டிலும் பிறப்புச் சான்றிலும் உள்ள எழுத்து எதுவோ அதே எழுத்து.

'நீலகிரி' அப்படியே வரும். நீலம் என்றால் நிறம், கிரி என்றால் மலை என்று பிரித்து 'நீல மலைகள்' என டச்சில் எழுதினால் அப்படி ஒரு மாவட்டம் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. பெல்ஜியத்தின் மோன்ஸ் பெர்கன் ஆனதற்குப் பல நூற்றாண்டு வழக்கம் பின்னால் இருக்கிறது. நீலகிரிக்கு அது இல்லை.

'மாவட்டம்' மொழிபெயர்க்கப்படும். டச்சிலும் 'டிஸ்ட்ரிக்ட்' என்ற சொல் உண்டு.

'தமிழ்நாடு' அப்படியே வரும். நாடு என்பதை மொழிபெயர்த்தால் தனி நாடு என்று பொருளாகிவிடும். தேவைப்பட்டால் பக்கத்தில் 'மாநிலம்' என்று பொருள்படும் 'டேல்ஸ்டாட்' என்ற சொல்லைச் சேர்க்கலாம்.

'இந்தியா' டச்சு வழக்கப்படி எழுதப்படும். அதுவும் இந்தியாதான்.

சுருக்கமாக: பெயர் தங்கும், பெயரைச் சுற்றியுள்ள பொதுச்சொல் மாறும், நாட்டுப் பெயர் அந்த மொழியின் வழக்கப்படி வரும். டச்சு மட்டுமில்லை, ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானிய மொழி எதுவானாலும் இதையே பின்பற்றலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். குடும்பம் பிக்கட்டியில் இருந்தாலும் பிரசவம் உதகை, குன்னூர் அல்லது கோவை மருத்துவமனையில் நடந்திருந்தால் பிறந்த இடம் அந்த ஊர்தான். பிக்கட்டி பெற்றோர் முகவரியில் வரும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பழக்கத்தில் 'பிக்கட்டி' என்று போட்டுவிட்டால் இரண்டும் முரண்படும். எழுத்து வித்தியாசத்தைவிடப் பெரிய சிக்கல் இது.

2. பிறப்புச் சான்றில் எழுத்துப் பிழை இருந்தால், பதிவு செய்த அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு திருத்தத்துக்கு வழி தருகிறது. ஊர்ப் பெயரை நிரூபிக்கும் ஆவணங்களைக் கையோடு கொண்டு போங்கள்.

3. 2023 அக்டோபர் 1 அன்றோ அதன் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் உள்ளிட்ட பலவற்றுக்குப் பிறந்த தேதி, இடத்தின் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். ஆகவே சான்றிதழ் கையில் வந்த அன்றே தமிழ், ஆங்கிலம் இரண்டு பகுதியையும் வாசித்துப் பாருங்கள்.

4. பிறப்புச் சான்று சரியான பிறகு பாஸ்போர்ட். ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்து அதில் வேறுபாடு இருந்தால் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசா நேர்காணலுக்கு முந்தைய வாரம் வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

5. அடுத்து அப்போஸ்டில் முத்திரை. அயல்நாடு நம் ஆவணத்தை ஏற்பதற்கான சான்றுறுதி இது. இந்தியா 2005-இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது, நெதர்லாந்தும் உறுப்பு நாடு. மாநில அளவிலான சரிபார்ப்பு முடிந்ததும் மத்திய வெளியுறவு அமைச்சகம் வழங்குகிறது.

6. மொழிபெயர்ப்பு கடைசியில். முத்திரை வாங்கிய பிறகு மொழிபெயர்த்தால் முத்திரையில் உள்ள வாசகமும் சேர்ந்து வரும். ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். நெதர்லாந்து அலுவலகங்கள் பொதுவாக டச்சு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய நான்கு மொழி ஆவணங்களையும் ஏற்கின்றன. உங்கள் சான்றிதழில் ஆங்கிலப் பகுதி முழுமையாக இருந்தால் டச்சு மொழிபெயர்ப்பே தேவைப்படாமல் போகலாம், வீண் செலவு மிச்சம்.

7. மொழிபெயர்ப்பு தேவை என்றால் உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள். நெதர்லாந்தில் அவர்களுக்கென்று சட்டப்படியான பதிவேடு இருக்கிறது. இங்கே செய்த மொழிபெயர்ப்பு என்றால் அதற்கும் தனியாகச் சான்றுறுதி கேட்கலாம்.

8. மூல ஆவணத்தில் 'ஊட்டகமண்ட்' என்று இருந்தால் மொழிபெயர்ப்பாளர் அதைத் தானாக 'உதகமண்டலம்' என்று திருத்தக்கூடாது. உள்ளபடி எழுதி, இன்றைய பெயர் உதகமண்டலம் என்று அடியில் ஒரு குறிப்புப் போடலாம். அந்தக் குறிப்பைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுப்பாடம்

இந்த இதழை மூடுவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுங்கள். எதிரே மூன்று கட்டங்கள்: பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பாஸ்போர்ட் அல்லது ஆதார். ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். வேறுபடும் இடத்தில் சிவப்பு மையால் சுழியுங்கள். வெளிநாடு போகிற எண்ணம் இப்போது யாருக்கும் இல்லை என்றாலும் பரவாயில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு அந்த எண்ணம் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? சுழித்த இடங்களைத் திருத்த இப்போது ஒரு விண்ணப்பமும் பொறுமையும் போதும். அயல்நாட்டு நகராட்சியில் உட்கார்ந்துகொண்டு பிக்கட்டியில் உள்ள அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பது அதைவிடப் பல மடங்கு கஷ்டம்.